தட்டியும் தேய்த்தும் எடுத்த மின்சாரம்: வீட்டில் அளந்து பார்த்த கணக்கு

அலுமினியத் தாள் ஒட்டிய இரண்டு அட்டைகளைக் கையால் தட்டியதும் வரிசையாக நூறு எல்இடி பளிச்சென்று மின்னும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேட்டரி இல்லை, காந்தம் இல்லை, செம்புக் கம்பிச் சுருளும் இல்லை. பார்த்தவுடன் எழும் கேள்வி நியாயமானதுதான்: இதையே பெரிதாகக் கட்டி வீட்டுக்கு வேண்டிய கரண்டை எடுத்துவிட முடியாதா?

இதற்கு வாதாடிப் பதில் சொல்வதைவிட அளந்து சொல்வது மேல் என்று தோன்றியது. அந்த வீடியோக்களில் வேலை செய்வது நிலை மின்சாரம், அதாவது பொருட்களைத் தேய்த்தோ தொட்டுப் பிரித்தோ எழும் மின்னூட்டம். நிலை மின்சாரம் பற்றிய பேச்சில் எல்லோரும் வோல்டேஜைத்தான் சொல்கிறார்கள். பத்தாயிரம் வோல்ட், ஐம்பதாயிரம் வோல்ட் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு பல்பு எத்தனை நேரம் எரியும், ஒரு போன் எவ்வளவு ஏறும் என்பதை வோல்ட் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆற்றலின் அளவான ஜூல் கணக்குதான் தீர்மானிக்கிறது. அதனால் செய்து பார்த்த ஒவ்வொன்றிலும் ஜூலைப் பிடிப்பதையே குறியாக வைத்துக்கொண்டேன்.

முதலில் பழைய கருவி ஒன்று. எலக்ட்ரோஃபோரஸ் என்று பெயர். 1762-இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் வில்கே உருவாக்கியது, 1775-இல் வோல்டா மேம்படுத்திப் பிரபலப்படுத்தியது. இதைச் செய்ய அரை மணி நேரம் போதும். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் சன்போர்டு துண்டுகள் கழிவாகக் கிடக்கும். அது பிவிசி நுரைப் பலகை. கம்பளித் துணியால் தேய்த்தால் அதன் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் நன்றாக ஏறும். மேலே வைக்க 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள எவர்சில்வர் தட்டு, அதன் நடுவில் கைப்பிடியாக ஒட்டிய பிவிசி குழாய்த் துண்டு. தட்டின் விளிம்பு உருண்டு மடிந்திருக்க வேண்டும். கூர்மையான விளிம்பு என்றால் மின்னூட்டம் அந்த முனை வழியே காற்றில் கசிந்துவிடும்.

பலகையைத் தேய்த்து, தட்டை அதன் மேல் வைத்து, தட்டை ஒரு முறை விரலால் தொட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்து உயர்த்த வேண்டும். தொடும்போது தட்டிலுள்ள எதிர் மின்னூட்டம் விரல் வழியே இறங்கிவிடும், தட்டில் நேர் மின்னூட்டம் மிஞ்சும். உயர்த்திய தட்டின் பக்கத்தில் இன்னொரு உலோகத்தைக் கொண்டுபோனால் 'டிக்' என்று நீலப் பொறி. எனக்கு நல்ல நாளில் 6 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறந்தது. காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட்டில் உடையும், அதாவது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். ஆக, தட்டில் 18,000 வோல்ட் வாக்கில் இருந்திருக்கிறது. அந்த அளவுள்ள தனித் தட்டின் மின்தேக்கு திறன் சுமார் 7 பிகோஃபாரட். அரை சி வி வர்க்கம் என்ற பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டால் ஆற்றல் கிட்டத்தட்ட 1 மில்லிஜூல்.

ஒரு மில்லிஜூல் என்றால் ஒரு கிராம் எடையைப் பத்து சென்டிமீட்டர் உயரம் தூக்கத் தேவையான ஆற்றல். பதினெட்டாயிரம் வோல்ட் செய்யும் வேலை அவ்வளவுதான்.

இந்தக் கருவியில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. பலகையை ஒருமுறை தேய்த்துவிட்டால் தட்டை வைத்து, தொட்டு, தூக்கி, பொறி எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டே இருக்கலாம். பலகையின் மின்னூட்டம் குறைவதில்லை. இலவச ஆற்றல் போலத் தோன்றும் இடம் இதுதான். ஆனால் ஆற்றல் பலகையிலிருந்து வரவில்லை, தூக்கும் கையிலிருந்து வருகிறது. பலகையின் எதிர் மின்னூட்டமும் தட்டின் நேர் மின்னூட்டமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த இழுவையை மீறித்தான் தட்டைத் தூக்குகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கூடுதல் இழுவை மூன்று கிராம் எடை அளவுதான், தட்டின் சொந்த எடைக்கு நடுவே கைக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பொறியின் ஆற்றல் முழுவதும் அந்த மூன்று கிராமில்தான் இருக்கிறது.

இப்போது போன் கணக்கு. 5,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 69,000 ஜூல் பிடிக்கும். வினாடிக்கு ஒரு முறை தட்டைத் தூக்கி, ஒரு மில்லிஜூலும் சிந்தாமல் சேமித்தாலும், இரவு பகல் நிற்காமல் இரண்டு வருடத்துக்கு மேல் தூக்க வேண்டும்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. கடற்காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டால் மின்னூட்டம் அதன் வழியே ஓடிவிடும். அதனால் ஏசி ஓடிய அறையில், பலகையையும் துணியையும் ஹேர் டிரையரால் உலர்த்திய பிறகுதான் மேலே சொன்ன 6 மில்லிமீட்டர் கிடைத்தது. மழை பெய்த மாலையில் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்தால் பொறியே வராது. நிலை மின்சாரத்தை நம்பி ஒரு மின் நிலையம் என்று யோசிப்பவர்கள் முதலில் இந்த வானிலையைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த வீடியோக் கருவி. இதன் முழுப்பெயர் டிரைபோஎலக்ட்ரிக் நானோஜெனரேட்டர். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஜோங் லின் வாங்கின் குழு 2012-இல் வெளியிட்டது. இரண்டு வேறு பொருட்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்று எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளும், மற்றது இழக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு உலோகத் தாள் இருந்தால், அவை நெருங்கும்போதும் விலகும்போதும் அந்தத் தாள்களுக்கு இடையே வெளிச் சுற்றில் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஓடும். அடிப்படையில் எலக்ட்ரோஃபோரஸின் பேரன்தான் இது. விரலால் தொடும் வேலையை இங்கே கம்பி செய்கிறது.

நான் கட்டிய விதம்: 15-க்கு 20 சென்டிமீட்டர் அளவில் இரண்டு அக்ரிலிக் துண்டுகள். இரண்டிலும் சமையலறை அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். ஒன்றின் மேல் மட்டும் டெஃப்லான் படலம். ஹார்டுவேர் கடையில் குழாய் மரைக்குச் சுற்ற விற்கும் டெஃப்லான் டேப்பை வரிசையாக ஒட்டியும் செய்யலாம், வேலை செய்யும். ஆனால் டேப் ஓரங்கள் மேடு பள்ளமாக நின்று முழுப் பரப்பும் தொடுவதைத் தடுக்கின்றன. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள டெஃப்லான் ஷீட்டை ஆன்லைனில் வாங்கி ஒட்டியதும் விளைவு நன்றாகக் கூடியது. இந்தக் கருவியில் எல்லாமே தொடு பரப்புதான். நான்கு மூலையிலும் சின்னச் சின்ன ஸ்பாஞ்சு துண்டு வைத்தால் கையை எடுத்ததும் மேல் பலகை அரை சென்டிமீட்டர் எழும்பி நிற்கும்.

டெஃப்லானை ஒட்டுவதற்கு அதன் பின்பக்கம் ரசாயனத்தால் பதப்படுத்திய ஷீட் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஓரங்களில் மட்டும் செலோ டேப் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டியதுதான். டெஃப்லான் எதிலும் ஒட்டாது.

இரண்டு அலுமினியத் தாள்களிலிருந்தும் கம்பி எடுத்து, முன்னும் பின்னும் ஓடும் மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்ப 1என்4007 டயோடு நான்கைக் கொண்டு ஒரு பிரிட்ஜ் கட்டி, 50 சிவப்பு எல்இடிகளைத் தொடராகப் பற்றவைத்து மாட்டினேன். விளக்கை அணைத்துவிட்டுத் தட்டினால் ஐம்பதும் சேர்ந்து மின்னுகின்றன. அமுக்கும்போது ஒரு மின்னல், விடும்போது ஒன்று. உண்மையிலேயே அழகாக இருக்கிறது. வீடியோக்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த மின்னலில் எவ்வளவு இருக்கிறது? அதை அளக்கத்தான் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு நல்ல கெபாசிட்டர் தேவைப்பட்டது, கடையில் கண்டன்சர் என்பார்கள். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இதற்கு ஆகாது. நாம் போடும் கொஞ்ச மின்னூட்டத்தை உள்ளுக்குள்ளேயே கசியவிட்டுவிடும். பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் வகை வேண்டும். அதைத் தேடி எங்கும் அலைய வேண்டாம், சீலிங் ஃபேனில் இருப்பதே அதுதான். தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஃபேன் கண்டன்சர் ஒண்ணு, 2.5 மைக்ரோ."

"ஃபேன் மெதுவா ஓடுதா தம்பி?"

"ஃபேனுக்கு இல்ல அண்ணாச்சி, கரண்ட் சேத்து வைக்க."

"அதுல எவ்வளவு நிக்கும்? தொட்டா சுள்ளுனு ஒண்ணு போடும், அவ்வளவுதான்."

ஆயிரக்கணக்கான ஃபேன்களைக் கழற்றி மாட்டியவருக்கு இந்த விஷயம் விரல் நுனியில் தெரிந்திருக்கிறது.

பிரிட்ஜின் வெளியீட்டில் அந்தக் கண்டன்சரை மாட்டி, வினாடிக்கு நான்கு தட்டு வீதம் ஒரு நிமிடம் தட்டினால் 18 வோல்ட் ஏறுகிறது. இங்கே மல்டிமீட்டர் விஷயத்தில் கவனம் வேண்டும். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் தடை 10 மெகாஓம். வீட்டு வயரிங்கைச் சோதிக்கும்போது அது ஒன்றுமே இழுக்காதது போலத்தான். ஆனால் 18 வோல்ட்டில் அது 1.8 மைக்ரோஆம்பியர் குடிக்கும், என் கருவி தருவதோ சராசரியாக 0.75 மைக்ரோஆம்பியர். மீட்டரை மாட்டியபடியே தட்டினால் 7 வோல்ட் வாக்கில் வந்து நின்றுவிடும், அதற்கு மேல் எவ்வளவு தட்டினாலும் நகராது. ஆகவே தட்டி முடித்த பிறகு மீட்டரை வைத்து, முதலில் தெரியும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அளக்கும் கருவியே விளைச்சலைக் குடித்துவிடும் அளவுக்கு விளைச்சல் சிறியது. இந்தத் துறையின் நிலைமையை இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையும் எனக்குச் சொன்னதில்லை.

2.5 மைக்ரோஃபாரடில் 18 வோல்ட் என்றால் 0.4 மில்லிஜூல். அறுபது வினாடியில் வகுத்தால் 6.75 மைக்ரோவாட். ஒரு தட்டுக்கு நகரும் மின்னூட்டம் 0.19 மைக்ரோகூலும். எல்இடிகளுக்குத் திரும்பிப் போய்க் கணக்குப் போட்டால், ஒரு மின்னலில் இருப்பது சுமார் 9 மைக்ரோஜூல். அந்த ஐம்பது எல்இடிகளையும் சாதாரணமாக 20 மில்லிஆம்பியரில் எரிக்க 1.8 வாட் வேண்டும். அதாவது ஒரு மின்னலில் கிடைக்கும் ஆற்றல் அவற்றை முழு வெளிச்சத்தில் 5 மைக்ரோவினாடி எரிக்கப் போதும். எல்இடிகளை எத்தனை தொடராக அடுக்கினாலும் மின்னுவதற்குக் காரணம் வோல்ட் தாராளமாக இருப்பது. கண் இருட்டில் மிகச் சிறிய வெளிச்சத்தையும் பிடித்துவிடும். இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்தக் காட்சி.

ஆனால் 6.75 மைக்ரோவாட்டோடு நிறுத்தினால் இந்தக் கருவிக்கு அநியாயம் செய்ததாகும். மின்னூட்டம் ஒன்றேதான் என்றாலும், அதை உயர்ந்த வோல்ட்டில் பிடித்தால் ஆற்றல் கூடும். 18 வோல்ட் கண்டன்சரில் கொட்டுவது இதன் பலத்தை வீணாக்குவது. உயர்ந்த வோல்ட்டில் பிடிக்க எனக்கு உதவியது லைன் டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி நியான் பல்பு. அது சுமார் 80 வோல்ட் வரும்வரை எதையும் கடத்தாது, வந்ததும் பற்றிக்கொள்ளும், 60 வோல்ட்டுக்கு இறங்கியதும் அணையும். அதுவே சுவிட்ச், அதுவே வோல்ட்மீட்டர். பழைய டெஸ்டர்கள் இரண்டைப் பிரித்து நியான்களைத் தொடராக மாட்டி, ஃபேன் கண்டன்சருக்குப் பதில் 0.01 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டரை வைத்தேன். மூன்று தட்டுக்கு ஒரு முறை நியான்கள் ஆரஞ்சு நிறத்தில் வெட்டுகின்றன. 160 வோல்ட்டிலிருந்து 120-க்கு இறங்கும் ஒவ்வொரு வெட்டிலும் 56 மைக்ரோஜூல் போகிறது. கணக்குப் போட்டால் 75 மைக்ரோவாட். அதே தட்டு, அதே கை, பதினொரு மடங்கு ஆற்றல்.

நியான் வழியே கொட்டும் அந்தத் துடிப்பை ஒரு காயில் வழியாகத் தாழ்ந்த வோல்ட்டுக்கு இறக்கிப் பயன்படுத்தலாம். ஆய்வாளர்களும் இந்த வழியில்தான் போகிறார்கள். இறக்கும்போது ஒரு பங்கு காணாமல் போகும். ஒன்றுமே போகாது என்று வைத்துக்கொண்டாலும், 75 மைக்ரோவாட்டில் அந்தப் போனை முழுதாக ஏற்ற 29 வருடம் ஆகும்.

கையின் உழைப்பையும் அளந்தேன். சமையலறைத் தராசின் மேல் கருவியை வைத்துத் தட்டினால் அரை கிலோ அளவு காட்டுகிறது. அரை சென்டிமீட்டர் தூரம் அந்த விசையில் அமுக்கினால் தட்டுக்கு 25 மில்லிஜூல், வினாடிக்கு நான்கு தட்டு என்றால் 100 மில்லிவாட். அதில் மின்சாரமாக வெளியே வந்தது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் ஸ்பாஞ்சை நசுக்குவதிலும் சத்தத்திலும் போய்விட்டது.

இதோடு அந்தக் காலத்துச் சைக்கிள் டைனமோவை ஒப்பிட்டுப் பாருங்கள். டயரில் உரசி ஓடும், கைக்குள் அடங்கும், 6 வோல்ட், 3 வாட். என் பலகையைப்போல் நாற்பதாயிரம் மடங்கு. இத்தனைக்கும் அதற்குள் இருப்பது ஒரு காந்தமும் ஒரு சுருளும் மட்டுமே. ஏன் இவ்வளவு இடைவெளி? என் கைவேலை மட்டம் என்பதாலா?

இல்லை. காரணம் காற்றில் இருக்கிறது. ஒரு பரப்பில் மின்னூட்டத்தைக் குவித்துக்கொண்டே போனால் அதன் மேலுள்ள மின்புலம் ஏறும். மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் ஆனதும் காற்று உடைந்து எல்லாவற்றையும் பொறியாகக் கொட்டிவிடும். அந்த வரம்பில் ஒரு சதுர மீட்டரில் நிற்கக்கூடியது 26 மைக்ரோகூலும். நான் எட்டியது 3. திறமையான பட்டறையில் செய்து வரம்பையே தொட்டாலும் எட்டு மடங்கு மின்னூட்டம், அதன் வர்க்கமாக அறுபத்துச் சொச்சம் மடங்கு ஆற்றல். என் பலகை அளவில் சுமார் 5 மில்லிவாட், அதற்கு மேல் இல்லை.

இதையே இன்னொரு விதமாகச் சொல்லலாம். உடையும் நிலையில் உள்ள மின்புலம் ஒரு கன மீட்டர் காற்றில் வைத்திருக்கும் ஆற்றல் 40 ஜூல். சாதாரண மோட்டாருக்குள் இருக்கும் 1 டெஸ்லா காந்தப்புலம் அதே இடத்தில் வைத்திருப்பது 4 லட்சம் ஜூல். பத்தாயிரம் மடங்கு! மின்சாரம் பற்றிய ஆராய்ச்சியெல்லாம் தேய்ப்பதில்தான் தொடங்கியது. 1745-46-இல் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் லைடன் ஜாடி வந்தது, சில வருடங்களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்த மின்சாரத்தால் சுழலும் சக்கரமே செய்துவிட்டார். இருந்தும் 1831-இல் ஃபாரடே காந்தத்தையும் சுருளையும் வைத்து மின்தூண்டலைக் காட்டிய பிறகு உலகம் முழுவதும் அந்தப் பக்கம் போனதற்கு இந்தப் பத்தாயிரமே போதுமான காரணம்.

காற்றை மாற்றினால் வரம்பும் மாறும். வெற்றிடத்தில் வைத்து ஆய்வகங்களில் 26-ஐப் பல மடங்கு தாண்டியிருக்கிறார்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ள பெல்லட்ரான் முடுக்கி, உலோக உருளைச் சங்கிலியில் மின்னூட்டத்தைச் சுமந்துபோய் 1 கோடியே 40 லட்சம் வோல்ட் வரை ஏற்றும். அது நிற்பது அழுத்தம் ஏற்றிய சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு வாயு நிரம்பிய பெரிய தொட்டிக்குள். ஆனால் அந்தச் சங்கிலியை ஓட்டுவது சாதாரண மின்மோட்டார். அங்கே நிலை மின்சாரம் மின்சாரத்தைச் செலவழிக்கும் கருவி, அயனிகளை வேகப்படுத்தும் வேலைக்கு.

வானத்திலிருந்து எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெயில் நாளிலும் தரைக்கு அருகே மீட்டருக்கு 100 வோல்ட்டுக்கு மேல் மின்புலம் உண்டு, உண்மைதான். ஆனால் அங்கிருந்து இறங்கும் மின்னோட்டம் சதுர மீட்டருக்கு 2 பிகோஆம்பியர். ஒரு ஏக்கர் முழுவதும் இறங்குவதைச் சேர்த்தாலும் 8 நானோஆம்பியர். பத்து மீட்டர் உயரத்தில் பிடித்தால் 8 மைக்ரோவாட், என் பலகையைவிடக் குறைவு. பூமி முழுவதற்கும் சேர்த்தால் சுமார் 1,000 ஆம்பியர், அயனிமண்டலத்துக்கும் தரைக்கும் இடையே இரண்டரை லட்சம் வோல்ட். பெருக்கினால் 250 மெகாவாட். தூத்துக்குடி அனல் மின் நிலையம் தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து யூனிட்டுகளாகக் கட்டப்பட்டது. உலகம் முழுவதுமுள்ள நல்ல வானிலை மின்சாரத்தைச் சிந்தாமல் திரட்டினாலும் அதில் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

இடியும் அப்படித்தான். ஒரு மின்னலில் நூறு கோடி ஜூல் என்று வைத்தால் 278 யூனிட் கரண்ட். இரண்டு மாதத்துக்கு என்று தமிழக அரசு 2016-இல் அறிவித்த 100 இலவச யூனிட்டைப்போல் மூன்று மடங்குகூட இல்லை. அதிலும் பெரும்பங்கு வானத்திலேயே வெப்பமாகவும் ஒளியாகவும் இடிமுழக்கமாகவும் தீர்ந்துவிடுகிறது.

அந்த அனல் மின் நிலையத்துக்குள்ளேயே நிலை மின்சாரம் வேறொரு வேலையைத் தினமும் செய்துகொண்டிருக்கிறது. நிலக்கரிப் புகை புகைபோக்கிக்குப் போகுமுன், பல்லாயிரம் வோல்ட் ஏற்றிய கம்பிகளுக்கும் தகடுகளுக்கும் நடுவே கடக்கிறது. சாம்பல் துகள்கள் மின்னூட்டம் பெற்றுத் தகடுகளில் ஒட்டிக்கொள்கின்றன. தட்டி உதிர்த்தால் கீழே சாம்பல், செங்கலுக்கும் சிமெண்டுக்கும் போகிறது. ஜெராக்ஸ் இயந்திரம் எழுத்துப் பொடியைத் தாளில் ஒட்டுவதும் இதே வழியில்தான். எடை இல்லாத துகளை நகர்த்த வேண்டும் என்றால் நிலை மின்சாரத்துக்கு இணை கிடையாது. அங்கே அதிக வோல்ட்டும் குறைந்த மின்னோட்டமும் பலவீனம் இல்லை, அதுவே தேவை.

இதை நினைத்தபோதுதான் என் பலகைக்கும் சரியான வேலை பிடிபட்டது. ஆற்றலைக் கேட்காமல் சைகையைக் கேட்டால் என்ன? மாஸ்ஃபெட் என்பது ஒரு குட்டி மின்னணுச் சுவிட்ச், கேட் என்பது அதை இயக்கும் கால். அந்தக் கேட்டைத் திறக்க வோல்ட் போதும், மின்னோட்டம் கிட்டத்தட்ட வேண்டாம். நிலை மின்சாரம் தருவதும் அதையேதான்.

வீட்டில் ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. இரவில் எழுந்தால் யாராவது கூடப் போக வேண்டும், ஆனால் எங்களை எழுப்ப அவருக்கு மனசு வராது. கட்டிலுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் ஒரு மிதியடி, அதன் அடியில் 30-க்கு 40 சென்டிமீட்டரில் இதே அலுமினியம்-டெஃப்லான் அடுக்கு என்று தீர்மானித்தேன். அக்ரிலிக்குக்குப் பதில் வளையக்கூடிய பிளாஸ்டிக் ஷீட், இடைவெளிக்கு ஸ்பாஞ்சுத் துண்டுகள். முழுவதையும் பெரிய லேமினேஷன் உறைக்குள் வைத்து, மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டையும் போட்டு, ஓரங்களைச் சூட்டில் ஒட்டிவிட்டேன். ஈரப்பதத்துக்கு இதுதான் மருந்து. வெளியே மழை கொட்டினாலும் உள்ளே காற்று உலர்ந்தே இருக்கிறது.

சுற்று எளியது. இரண்டு தாள்களிலிருந்து வரும் கம்பிகள் டயோடு பிரிட்ஜுக்கு. பிரிட்ஜின் பிளஸ் 2என்7000 மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு, மைனஸ் அதன் சோர்ஸுக்கு. சோர்ஸும் டிரெயினும் அந்தச் சுவிட்சின் மற்ற இரண்டு கால்கள். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே மூன்று பொருட்கள்: 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 12 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத ஜீனர் டயோடு, 10 மெகாஓம் ரெசிஸ்டர் பத்தைத் தொடராகப் பற்றவைத்த 100 மெகாஓம். ஜீனர் கட்டாயம். இந்த மாஸ்ஃபெட்டின் கேட் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, மிதியடியோ நூற்றுக்கணக்கில் தரும். கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரு வினாடி போலக் கேட்டைத் திறந்து வைக்கின்றன. டிரெயினில் 9 வோல்ட் பேட்டரியும் பஸ்ஸரும். பற்றவைத்த பின் ஃபிளக்ஸ் கறையைத் தின்னரால் துடைக்க வேண்டும், 100 மெகாஓம் சுற்றில் அந்தக் கறையே ஒரு கசிவுப் பாதை.

ஆச்சி கால் வைத்ததும் என் அறையில் பஸ்ஸர் ஒலிக்கிறது. கேட்டைத் திறக்கச் செலவானது ஒரு மைக்ரோஜூலுக்கும் குறைவுதான். சும்மா இருக்கும்போது சுற்று இழுப்பது அதிகபட்சம் ஒரு மைக்ரோஆம்பியர், பேட்டரி பயன்பாட்டால் தீர்வதற்கு முன் வயதானதால்தான் தீரும். எப்போதும் விழித்திருக்கும் சென்சார்களில் இந்த வசதி கிடையாது. பாலங்களின் அதிர்வு, குழாய்களின் ஓட்டம், இதயத் துடிப்பு என்று உலகம் முழுவதும் இந்தத் துறையில் நடக்கும் ஆராய்ச்சியில் எனக்கு நம்பிக்கை தரும் பகுதியும் இதுதான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஃபேன் கண்டன்சரை 50 வோல்ட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம். வேலை முடிந்ததும் ஒரு கிலோஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து இறக்கிவிடுங்கள். எலக்ட்ரோஃபோரஸ் பொறியைக் கேஸ் அடுப்பு, பெட்ரோல், தின்னர் பக்கத்தில் எடுக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள கால் மில்லிஜூல் போதும், நம் பொறியில் அதைப்போல் நான்கு மடங்கு இருக்கிறது. போனை ஏற்ற ஆகாத அளவு தீப்பிடிக்கத் தாராளம். இதே காரணத்தால்தான் பட்டாசுத் தொழிலில் மருந்து அறைக்குள் போகுமுன் உடம்பின் மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்குகிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பொறி சோதனையிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

மிதியடியில் ஸ்பாஞ்சு மிதிபட்டு மிதிபட்டு அமுங்கிப்போகிறது, பலகைகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு பஸ்ஸர் மங்குகிறது. அதற்குப் பதில் பழைய செருப்பின் ரப்பரிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டுகள் நன்றாகத் தாங்குகின்றன. மூலைகளில் மட்டும் வைக்காமல் நடுவிலும் இரண்டு வைத்தால் எந்தப் பக்கம் கால் பட்டாலும் அடிக்கிறது.